நேற்றைய விடை

நாள் 203. காலை 06.30
அறை 24 டிகிரி. திருகை ஓடுகிறது. பதிவாளர் நிலை: நலம்

இதைக் கண்டெடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். நான் பேராச்சி முத்தையா, வெப்பப் பொறியாளர். நிலையத்தின் பெயர் நிழற்குடை. புதன் கோள் சுற்றுகிற தூரத்தில், ஒரு பெரிய வெள்ளைக் கேடயத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு சூரியனைப் படம் பிடிப்பது இதன் வேலை. பெயர் வைத்தவர்கள் கவித்துவமாக ஏதோ நினைத்திருப்பார்கள். எனக்கு நினைவுக்கு வருவதெல்லாம் பஸ் நிறுத்தத்து நிழற்குடைதான். அதனால் என்னை விடுவிக்க வரும் கப்பலை நான் பஸ் என்றே சொல்வேன். பஸ் எப்போதோ புறப்பட்டுவிட்டது. தவசி, ஹமீதா என்று இரண்டு பேர் அதில் வருகிறார்கள். அதுவரை இங்கே நான் ஒருத்திதான்.

என்னை உயிரோடு வைத்திருப்பது திருகை. ஆவணங்களில் அதற்குச் சுழல்தட்டு வெப்பமாற்றி என்று பெயர். எதிரெதிரே இரண்டு வட்டத் தட்டுகள், இரண்டும் சுழலும், நடுவே விரல் அகல இடைவெளி. மாவு அரைக்கும் திருகையைப் பார்த்தவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இடைவெளியில் இருப்பது மாவு இல்லை, கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒரு திரவம். கண்ணுக்குத் தெரியாத நானோ அளவுச் செம்புத் துகள்கள் அதில் கலந்திருக்கின்றன. சூடான தட்டிடமிருந்து வெப்பத்தை வாங்கி அது குளிர்ந்த தட்டிடம் கொடுக்கும். அங்கிருந்து வெப்பம் கேடயத்தின் நிழலுக்குள் கதிர்வீசிப் போய்விடும்.

திருகைக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. அதனால் தினமும் காலையில் கணக்குப் போடுகிறேன். உள்ளே திரவம் எப்படி ஓடுகிறது, வெப்பம் எங்கே எவ்வளவு என்பதைக் கணினி ஒரு ஊகத்தில் தொடங்கி, திருத்தித் திருத்தி விடைக்கு வந்து சேரும். ஆரம்ப ஊகமாக நேற்றைய விடையையே கொடுப்பது எங்கள் வழக்கம். தரையில் இருக்கும் சகாய பர்னாந்து நிரலை அப்படித்தான் எழுதியிருக்கிறார். நேற்றைக்கும் இன்றைக்கும் பெரிதாக என்ன மாறிவிடப் போகிறது? ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் கணக்கு முடிந்துவிடும்.

மேலே உள்ள 'நிலை' என்ற பெட்டியும் அவர் கைவேலைதான். நான் நிரப்பாவிட்டால் நேற்றைய சொல்லை எடுத்து அதுவே போட்டுக்கொள்ளும். முதல் நாள் நலம் என்று அடித்தேன். அந்த ஒரு நலத்தை வைத்துத்தான் இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்றைய கணக்கு சரி. படங்கள் சரி. குளிப்பதற்குத் தண்ணீர் மட்டும் இல்லை.

நாள் 206. காலை 06.40
அறை 25 டிகிரி. திருகை ஓடுகிறது. நிலை: நலம்

சூடான தட்டு, கணக்கு சொல்வதைவிட மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. உணர்கருவியில்தான் கோளாறு என்று மாற்றிப் போட்டேன். புதியதும் அதையே சொல்கிறது. இரண்டு கருவிகள் கூட்டுச் சேர்ந்து பொய் சொல்லாது. கணக்கும் பொய் சொல்லாது. பிறகு யார்தான் பொய் சொல்வது?

கையேட்டில் ஒரே விதி: வெப்பம் ஏறினால் சுழற்சி வேகத்தைக் கூட்டு. போன மாதம் சூரியப் புயல் வந்தபோது அப்படித்தான் கூட்டினோம். புயல் ஓய்ந்ததும் குறைத்தோம். இன்று மறுபடி கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.

நாள் 209. மாலை 17.15
அறை 29 டிகிரி. திருகை ஓடுகிறது. நிலை: சரியில்லை

கூட்டக் கூட்ட ஏறுகிறது. கணக்கோ, எல்லாம் பிரமாதம், தட்டு குளிர்ந்து கிடக்கிறது என்கிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அழகாக அதே விடையில் போய் உட்கார்கிறது. அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோபத்தில் நிலைப் பெட்டியில் உண்மையை அடித்தேன். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அரை மணி நேரத்தில் தெரிந்தது. தரையிலிருந்து மருத்துவக் குழு மொத்தமும் கிளம்பிவிட்டது. இரத்த அழுத்தம் எடு, கண்ணைப் படம் எடு, மனநிலை பற்றி நாற்பது கேள்விகளுக்குப் பதில் எழுது. திருகையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இயக்குநர் மதுரநாயகம் மட்டும் கடைசியில் இரண்டு வரி அனுப்பினார்.

"கணக்கு ஒவ்வொரு முறையும் ஒரே விடையில் சரியாகக் குவிகிறது. ஆகவே கோளாறு அளவீட்டில்தான். வேகத்தை மேலும் ஐந்து விழுக்காடு கூட்டவும்."

பெட்டியில் மறுபடி நலம் என்று அடித்துவிட்டேன். எனக்கு வேலை இருக்கிறது. இனி அந்தப் பக்கமே போவதாக இல்லை.

நாள் 211. காலை 05.50
அறை 33 டிகிரி. திருகை ஓடுகிறது. நிலை: நலம்

பஸ்ஸிலிருந்து செய்தி. குரல் தவசியுடையது. தேனிக்காரர், எதையும் நிதானமாகத்தான் சொல்வார்.

"அக்கா, நாங்க நல்லாத்தேன் இருக்கோம். நம்ம திருகைதேன் லேசாச் சுடுது. கீழேருந்து வேகத்தைக் கூட்டச் சொன்னாக, கூட்டிட்டோம். ஹமீதா சொல்லுது, கூட்டுனதுக்கப்புறந்தேன் மோசம்னு. உங்களுக்கும் அப்பிடித்தானா? பாத்துச் சொல்லுங்க."

பஸ்ஸில் இருப்பதும் இதே திருகை, இதே திரவம், இதே நிரல். அவர்கள் திரும்பிப் போக முடியாது. திரும்புவதற்கான எரிபொருள் இந்த நிலையத்தில்தான் இருக்கிறது. நாள்தோறும் சூரியனை நெருங்கிக்கொண்டே இருக்கிறார்கள். என் திருகைக்கு வந்தது அவர்களுக்கும் வந்தால், இங்கே வந்து சேருவது இரண்டு பிணங்கள். இப்படியே ஏறினால் இன்னும் ஆறு நாளில் இந்த அறையிலும் உயிர் இருக்காது. பஸ் வர ஒன்பது நாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதி வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நாள் 212. மதியம் 13.20
அறை 36 டிகிரி. திருகை ஓடுகிறது. நிலை: நலம்

கண்டுபிடித்துவிட்டேன். சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சூட்டில் நினைவகப் பெட்டி ஒன்று காலையில் செத்துப்போனது. நேற்றைய விடை அதில்தான் இருந்தது. ஆரம்ப ஊகம் இல்லாமல் நிரல் கையை விரித்தது. கையால் அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆயிரம் வரிசைகள். வேர்வை கண்ணில் வழிகிறது, யோசிக்கத் தெம்பில்லை. தட்டு சுழலும் வேகம் எதுவோ அதையே எல்லா வரிசையிலும் போட்டுத் தொலைத்தேன். கணக்கு வெகுநேரம் ஓடியது, பிறகு குவிந்தது.

வேறு விடை. அதே சமன்பாடு, அதே வேகம், அதே திரவம். பிழை ஒரு துளி இல்லை. ஆனால் வேறு விடை. கருவிகள் ஆறு நாளாகக் கத்திக்கொண்டிருக்கும் அதே எண்கள்.

திருகைக்குள் திரவம் இரண்டு விதமாக ஓடலாம். ஒன்றில், தட்டுகளை ஒட்டிய திரவம் மட்டும் ஓடும், நடுவில் இருப்பது அமைதியாக நிற்கும். சூடான தட்டிலிருந்து வெளியே போய்க் குளிர்ந்த தட்டின் வழியாக உள்ளே வரும். வெப்பம் கைமாறும். எங்களுக்குத் தெரிந்தது இந்த விடை மட்டும்தான். மற்றதில், நடுவில் இருப்பதும் தட்டுகளோடு சேர்ந்து ஒரே கட்டியாகச் சுற்றும். எல்லாம் ஒன்றாகச் சுற்றினால் எது எதோடு கலக்கும்? துகள்கள் விளிம்பில் போய் ஒதுங்கிக்கொள்ளும். வெப்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். வேகத்தைக் கூட்டினால் கட்டி இன்னும் இறுகும்.

புயலன்று வேகத்தைக் கூட்டியபோது திருகை இரண்டாவது விதத்துக்குத் தாவியிருக்கிறது. பிறகு குறைத்தும் திரும்பவில்லை. துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளிம்புக்கு ஒதுங்கும், அதனால் சூடு வெளியே தெரிய இத்தனை நாள் ஆகியிருக்கிறது. நாங்கள் தினமும் நேற்றைய விடையிலிருந்து தொடங்கியதால் கணக்கு பழைய விடையின் வீட்டு வாசலைவிட்டு நகரவே இல்லை. யாரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. சரியான கணக்கைத்தான் போட்டோம், இல்லாத ஒரு திருகைக்கு.

ஊகத்தில் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி ஓட்டினேன். நல்ல விடை வந்தது. அசையாத திரவத்திலிருந்து தொடங்கினால் நல்லது, சுழலும் திரவத்திலிருந்து தொடங்கினால் கெட்டது. அப்படியானால் நிஜத் திருகைக்கும் அதே வைத்தியம்தான். முழுதாக நிறுத்த வேண்டும். திரவம் ஓய வேண்டும், விளிம்பில் ஒதுங்கிய துகள்கள் திரும்பிப் பரவ வேண்டும். பிறகு பூஜ்யத்திலிருந்து மெல்லச் சுழற்ற வேண்டும்.

அனுப்பிவிட்டேன். பதில் வர எப்படியும் பத்துப் பதினைந்து நிமிடம்.

நாள் 212. இரவு 19.45
அறை 37 டிகிரி. திருகை ஓடுகிறது. நிலை: நலம்

இயக்குநர் ஒப்பவில்லை. அவர் முட்டாள் இல்லை, அதுதான் கொடுமை. அவர் கேட்பது நியாயமான கேள்வி. நேற்றுவரை நம்பிய கணக்கு தப்பு என்கிறீர்கள், இன்றைய கணக்கை எதை வைத்து நம்புவது? பஸ்ஸில் திருகையை நிறுத்தி, அது திரும்பச் சரியாகாவிட்டால் இரண்டு பேரையும் நாமே கொன்றதாகாதா? எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும்? கணக்கு ஏழு மணி நேரம் என்கிறது. நாலு என்றாலும் பத்து என்றாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. துகள்கள் திரும்பப் பரவும் வேகத்தை இதுவரை யாரும் அளந்ததில்லை.

சகாயம் தனியாகப் பேசினார். தூத்துக்குடிக்காரர் கோபத்திலும் கத்த மாட்டார். இன்று குரல் உடைந்திருந்தது.

"பேராச்சி, நீ சொல்லுதது சரிதான். நானும் ஓட்டிப் பாத்துட்டேன், ரெண்டு விடையும் வருது. ஆரம்ப ஊகத்த நாந்தான அப்படி வச்சேன். அத விடு, பெறகு பேசிக்கிடலாம். பஸ்காரங்களுக்கு இன்னும் ரெண்டு நாளுதான். இப்ப நிறுத்துனா வேர்த்து ஊத்தும், அவ்வளவுதான். ரெண்டு நாளு கழிச்சு நிறுத்துனா பொழைக்க மாட்டாங்க. ஆனா ஒரு திருகையாவது நின்னு சரியானதக் காட்டாம இங்க ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான். இதுக்கு மேல நான் என்ன சொல்லட்டும்."

ஒரு திருகையாவது. பாவம், அவருக்கும் எண்ணத் தெரியும். இருப்பது இரண்டு திருகைகள். ஒன்று பஸ்ஸில்.

பஸ் இன்னும் சூரியனிலிருந்து தள்ளி இருக்கிறது. நான் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நிறுத்தினால் இரண்டு மணி நேரத்தில் ஐம்பதைத் தாண்டும். விண்ணுடையில் குளிர்நீர் ஓடும் உள்சட்டை உண்டு. அதன் பனிப்பொதி நாலரை மணி தாங்கும். மீதி நேரத்துக்கு நான் இருக்கிறேன்.

நிறுத்தாவிட்டாலும் ஐந்து நாளைக்குள் முடிந்துவிடும். நிறுத்தினால் பிழைக்கவும் ஒரு வழி உண்டு. யாரும் என்னைத் தியாகி என்று எழுத வேண்டாம். எனக்குப் பிழைக்க வேண்டும். ரொம்ப ஆசையாக இருக்கிறது.

நாள் 213. காலை 06.00
அறை 38 டிகிரி. திருகை நிறுத்தப்பட்டது. நிலை: நலம்

தரையிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கூட்டம் போடுவார்கள்.

ஏற்பாடு இதுதான். விளிம்பிலும் நடுவிலும் துகள் அடர்த்தியை வெளியிலிருந்தே அளக்க, இரவோடிரவாக இரண்டு கருவிகளைப் பொருத்தினேன். இரண்டும் சமமானால் திரவம் ஓய்ந்து கலந்துவிட்டது என்று பொருள். அந்த நொடியில் திருகை தானாகவே பூஜ்யத்திலிருந்து புறப்படும். எல்லா எண்களும் நேராகத் தரைக்கும் பஸ்ஸுக்கும் போய்க்கொண்டே இருக்கும். இன்றிலிருந்து நான் எழுதாவிட்டாலும் பதிவேடு தானாகவே தலைப்பைப் போட்டுக்கொள்ளும். என் கைக்கு மிச்சம் ஒரே ஒரு சிவப்பு விசை. அதை அழுத்தினால் உடனே ஓடத் தொடங்கிவிடும்.

உடையைப் போட்டுக்கொண்டேன். உள்சட்டை முதுகில் சில்லென்று இருக்கிறது. நாலு நாளில் முதல் சுகம்.

நாள் 213. காலை 08.10
அறை 51 டிகிரி. திருகை நிற்கிறது. நிலை: நலம்

சித்திரை மாத மதியத்தில் திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றவள் நான். இதெல்லாம் ஒரு வெயிலா என்று சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

விளிம்பு 9.1. நடு 1.2. மெல்லத்தான் நெருங்குகின்றன.

இயக்குநர் உடனே தொடங்கச் சொல்லி மூன்று முறை ஆணை அனுப்பிவிட்டார். நாலாவது ஆணையில் 'பேராச்சி, தயவுசெய்து' என்று இருந்தது. அந்த மனிதர் வாயில் தயவுசெய்து வந்து நான் கேட்டதில்லை.

நாள் 213. காலை 10.25
அறை 60 டிகிரி. திருகை நிற்கிறது. நிலை: நலம்

விளிம்பு 7.0. நடு 3.4. பாதிதான் ஆகியிருக்கிறது. பனிப்பொதி தீர்ந்துகொண்டு வருகிறது. உள்சட்டையில் ஓடுவது இப்போது வெதுவெதுப்பான நீர்.

மோர் வேண்டும். உப்புப் போட்டு, பெருங்காயம் போட்டு. ஒரு சொம்பு.

விசை மேலே கை போனது. நான் அனுப்பவில்லை, தானாகப் போனது. இப்போது அழுத்தினால் தட்டு சுழலும், கொஞ்சம் குளிரும். கட்டியும் திரும்ப வந்துவிடும். நாலு நாள் எனக்குக் கிடைக்கும், அவர்களுக்கு ஒரு வழியும் கிடைக்காது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடி போனது.

விசையின் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். இனிமேல் அதோடு எனக்குச் சண்டை இல்லை.

நாள் 213. காலை 11.30
அறை 65 டிகிரி. திருகை நிற்கிறது. நிலை: நலம்

எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. குரலில் சொல்கிறேன், கணினி எழுதிக்கொள்கிறது.

விளிம்பு 6.2 நடு 4.3

ஹமீதா பேசினாள். இதுவரை அவள் தனியாகப் பேசியதில்லை. "அக்கா, உங்க எண்ணு ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டே இருக்கேன். ஒண்ணு விடல. நீங்க பேசிக்கிட்டே இருங்கக்கா." அவ்வளவுதான். பிறகு அழுதாளோ என்னவோ.

பேசிக்கொண்டே இரு என்றால் எதைப் பேசுவது. வேர்வை நின்றுவிட்டது. அது நல்லதில்லை. தெரியும்.

நாள் 213. மதியம் 12.20
அறை 67 டிகிரி. திருகை நிற்கிறது. நிலை: நலம்

5.6 4.9

சகாயம் எழுதிக்கொள். ஏழு மணி சரி. கணக்கு சரி. கொஞ்சம் முன்னே பின்னே

பஸ் சத்தம் கேட்கிறது. இல்லை, என் காது. பஸ் இங்கேயெல்லாம் சத்தம் போடாது

5.4 5.1 கலைகிறது. கட்டி கலைகிறது. பஸ்காரர்களிடம் சொல், கையை விசைகிட்ட வைக்க வேண்டாம், தானாகவே கலை

நாள் 213. மதியம் 12.52
அறை 68 டிகிரி. திருகை புறப்பட்டது. நிலை: நலம்

(உரை இல்லை)

நாள் 213. மாலை 18.00
அறை 41 டிகிரி. திருகை ஓடுகிறது. நிலை: நலம்

(உரை இல்லை)

சூடான தட்டு: கணக்கோடு பொருந்துகிறது.

நாள் 214. காலை 06.30
அறை 25 டிகிரி. திருகை ஓடுகிறது. நிலை: நலம்

(உரை இல்லை)

வந்த செய்தி, பஸ், தவசி: "அக்கா, நிறுத்திட்டு மறுபடி ஓட்டிட்டோம். நீங்க சொன்ன மாதிரியே சரியாயிருச்சு. ஹமீதா தூங்குது. நானும் ரெண்டு நாளைக்கப்புறம் இப்பத்தேன் சாப்பிட்டேன். உங்களுக்கு என்ன வேணும் சொல்லுங்க, இங்க மோர்ப்பொடி இருக்கு, பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."

பதில்: அனுப்பப்படவில்லை.

நாள் 215. காலை 06.30
அறை 24 டிகிரி. திருகை ஓடுகிறது. நிலை: நலம்

(உரை இல்லை)

வந்த செய்தி, தரை, இயக்குநர் மதுரநாயகம்: "நிலை நலம் எனக் கண்டோம். அனைவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓய்வெடுங்கள். தெம்பு வந்ததும் பேசுங்கள்."

பதில்: அனுப்பப்படவில்லை.

நாள் 216. காலை 06.30
அறை 24 டிகிரி. திருகை ஓடுகிறது. நிலை: நலம்

(உரை இல்லை)

வந்த செய்தி, தரை, சகாய பர்னாந்து: "பேராச்சி, கேக்கியா? இங்க எல்லாவனும் நலம்னு பாத்துட்டுச் சந்தோசமா இருக்கான். நான் யார்ட்டயும் ஒண்ணுஞ் சொல்லல. அந்தப் பெட்டிய எழுதுனவன் நான். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு தாயி. அந்த நலம் நீ போட்டதா, இல்ல அதுவா போட்டதா?"

பதில்: அனுப்பப்படவில்லை.

நாள் 217. காலை 06.30
அறை 24 டிகிரி. திருகை ஓடுகிறது. நிலை: நலம்